தலைக்கு வகுக்கும் சம்பந்தி

இல்லைங்க, பேத்தி அவள் அப்பா சாயல் கிடையாது. மூக்கு, நெற்றி, கொட்டாவி மூன்றும் என்னுடையவை. நீங்கள் கேட்கவில்லைதான். புதுசாகத் தாத்தா ஆனவனிடம் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை, தானாக வரும். தென்காசி ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் பிறந்த பிள்ளைகளில் இவள்தான் நீளம். ஒவ்வொரு தொட்டிலாக நானே எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் சொல்ல வந்தது பேத்தியைப் பற்றி அல்ல, அவளுடைய இன்னொரு தாத்தாவைப் பற்றி.

உலகத்தில் ஓர் இனம் உண்டு: நாடுகளுக்கு மார்க் போடுகிறவர்கள். மகனோ மகளோ வெளிநாட்டில் இருப்பார்கள்; இவர் அங்கே மூன்று மாதம் போய், குளிருக்குப் பயந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்து, மருமகள் போட்ட காப்பியைக் குடித்து, சாக்லேட்டும் ஜலதோஷமுமாகத் திரும்பி வருவார். அவ்வளவுதான். அன்றிலிருந்து பஸ்ஸில் ஏறினால் படியைப் பார்த்து, டீ குடித்தால் கிளாஸைப் பார்த்து, துஷ்டி வீட்டுக்குப் போனால் பாடையைப் பார்த்துக்கூட, "அங்கன எல்லாம்..." என்று ஆரம்பிப்பார். உங்கள் தெருவில் இல்லையா? நன்றாகப் பாருங்கள்.

என் சம்பந்தி குமரகுரு டென்மார்க் போய்வந்தவர். மாப்பிள்ளைக்கு அங்கேதான் வேலை. எனக்குக் குற்றாலத்தில் சிப்ஸ் கடை. சீசன் நேரம், சாரல் அடிக்கிறது, மெயினருவி கொட்டுகிறது, ஜனங்கள் தலையைக் கொடுத்துவிட்டு 'ஓ'வென்று கத்துகிறார்கள். இவரும் உள்ளே போனார். வெளியே வந்து தலையைத் துவட்டும் முன்னே தீர்ப்பு சொன்னார்.

"ப்ரெஷர் நல்லாருக்கு சம்பந்தி. கண்ட்ரோல்தான் இல்ல. அங்கன திருகினா நிக்கும்."

"அருவிய எதுக்கு நிப்பாட்டணும்?"

"இப்படிக் கேக்குதீங்க பாத்தீங்களா, அதனாலதான் நாம இன்னும் வளருத நாடாவே இருக்கோம்."

பிறகு கடைக்கு வந்து, பாக்கெட்டில் தேதி அச்சடிக்கவில்லை, எண்ணெயின் பெயர் போடவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே ஒரு பாக்கெட் சிப்ஸைக் காலி செய்தார். இதெல்லாம் போகட்டும். மார்க்தானே, போட்டுவிட்டுப் போகிறார். வினை வந்தது சேனையில்.

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்போம். சீனித் தண்ணீரில் விரலை நனைத்து உதட்டில் தொட்டு எடுப்பது. யார் வைக்கிறாரோ அவர் குணம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதால், விரலில் ஈரம் இருந்தால் போதும் என்று முடிவு செய்திருந்தோம். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று காலையில் கிண்ணத்தை வைத்ததும் சம்பந்தி சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"நான்தான் வைப்பேன்."

கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திக்கொண்டேன். யோசித்துப் பாருங்கள். என் பேத்தி தொட்டிலுக்கு மார்க் போட்டு, தாலாட்டுக்கு மார்க் போட்டு, கொஞ்ச வருகிறவர்களை வரிசைப்படுத்தி, நாளைக்குக் கல்யாணம் ஆனால் கட்டினவனிடம், "எதிர்வீட்டு மாப்பிள்ளை உங்களைவிட முன்னேறியவர்" என்று சொல்லி... அந்தப் பையன் கதி?

"டென்மார்க்ல சேனை உண்டா சம்பந்தி?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"கிடையாது. அதான் அது வளந்த நாடு."

"அப்ப நாமளும் விட்டுருவோம்."

"அதெப்படி? வளந்தவங்க கையால வச்சா தப்பில்ல. யாரு வளந்தவங்கன்னு பாக்கதுக்கு உலகம் பூராவும் மூணு கணக்கு இருக்கு. ஆயுசு, படிப்பு, தலைக்கு எவ்வளவு வருமானம். மூணுலயும் நீங்க பின்னாலதான், தப்பா நினைக்காதீங்க. ஏழை நாடுன்னு சொல்லமாட்டேன். வளருத நாடு."

அஞ்சாங் கிளாஸோடு நின்றவன் நான். பேத்தி எடுத்த வயதில் வளருகிறேனாம்!

பிள்ளை பெற்ற என் மகள் ஸ்ரீவித்யாவுக்காகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மா இராமலட்சுமி தலையைத் தூக்கவில்லை.

"உங்க பென்ஷனைத் தலைக்கு வகுத்தாச்சா?"

"என்னட்டி சொல்லுதே?"

"நானு, உங்க தங்கச்சி, அவ பிள்ளைக, எல்லாரும் அதுலதான சாப்பிடுதோம்."

"வகுத்தா... கொஞ்சம் எறங்கும்."

"ஆயுசு? எழுவது முடிஞ்சாச்சு. இன்னும் எவ்வளவு மிச்சம்?"

"ஏட்டி, அது அப்படி இல்ல. இப்பப் பிறந்த பிள்ளை எத்தனை வருசம் இருக்கும்ங்கிற கணக்கு அது. படிப்பும் அப்படித்தான், பிள்ளை இனிமே எவ்வளவு படிக்கும்னு பாப்பாங்க."

"அப்ப ஆயுசும் பாப்பாவுக்குத்தான், படிப்பும் பாப்பாவுக்குத்தான். பாக்க வந்தவங்க பாப்பா கையில திணிச்ச ரூவாயில பங்கு கேக்கவும் ஆளு இல்ல. வளந்த நாடு தொட்டில்ல கெடக்கு. அதுக்குப் போயி நீங்க என்னத்த வைக்கப் போறீங்க?"

சம்பந்தி செல்போனில் கால்குலேட்டரைத் திறந்தார், வகுத்தார், தங்கச்சியைக் கழித்துவிட்டு மறுபடி வகுத்தார், சரிவராமல் டென்மார்க்குக்குப் போன் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த மகனை எழுப்பி, "ஏலே, தலைக்குன்னா வீட்டுல இருக்க எல்லாத் தலையுமா?" என்று கேட்டார். அந்த இடைவெளி போதாதா? விரலை நனைத்தேன், பேத்தியின் உதட்டில் தொட்டேன், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவன்போல் மின்விசிறியைப் பார்த்தேன். குடும்பமே தப்பித்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கும் முன் ஒன்று சொல்லுங்கள். போன மாதம் அடுத்த வீட்டில் சாம்பார் சாப்பிட்டுவிட்டு வந்து உங்கள் வீட்டில் என்ன சொன்னீர்கள்? மதுரைக்கு ஒரு நடை போய்வந்து, தென்காசியில் இறங்கியதும் உதட்டைப் பிதுக்கினீர்களே, அது எதற்கு? இந்த இனத்தில் சேர விசா வேண்டாம். விமானம் ஏற வேண்டாம். கழுத்தை ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் திருப்பினால் போதும். கண்ணாடி இருந்தால் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை தொட்டிலுக்கு ஒரு பக்கம் நானும் மறுபக்கம் சம்பந்தியும் குனிந்து நின்றோம். பேத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்தாள்.

"ஒப்பிட்டுப் பாக்குதா!" என்று சம்பந்தி துள்ளினார். பிறகு என் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "இதுக்கு நான் பொறுப்பில்ல சம்பந்தி. சேனை வச்சது நீங்க."