சாகாத வைத்தியச்சி

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு போட்டியில்தான் முதல் பரிசு வாங்கியிருக்கிறேன். அதையும் வீரமாகச் சண்டை போட்டு வாங்கினேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எதிரில் உட்கார்ந்தவர்களுக்கு வாழ்க்கையே வெறுத்துப்போகும்வரை நான் சாகாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

அப்போது பொறியியல் முடித்துவிட்டு நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸில் சும்மா இருந்தேன். நெய்வேலியில் ஒரு பெண் படித்துவிட்டு வீட்டில் இருந்தால், பால் வாங்கப் போனாலும் காய் வாங்கப் போனாலும் ஒரே கேள்விதான்: "அப்ளை பண்ணிட்டியாம்மா?" எங்கே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஊருக்கே தெரிந்த இடம் அந்த நிலக்கரிச் சுரங்கக் கம்பெனி ஒன்றுதானே. அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருந்தார். அவர் கணக்கில் உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: பர்மனென்ட், கான்ட்ராக்ட். இந்த இரண்டிலும் சேராமல் நாள் முழுக்க கம்ப்யூட்டரில் சண்டை போட்டுக்கொண்டிருந்த என்னை என்ன செய்வதென்று அவருக்குப் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து சென்னையில் ஒரு சின்ன கேம் கம்பெனி எனக்கு வேலை தருவதாகச் சொன்னது. சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைச் சொன்னேன்.

"விளையாடறதுக்கு சம்பளம் தர்றானா? அப்பிடி ஏமாந்துகினு இருக்கற ஆளு யாரு?" என்றார் அப்பா.

"டெஸ்டர்ப்பா. கேம்ல என்ன தப்பு இருக்குன்னு கண்டுபிடிக்கற வேலை."

"அந்த வேலைய உங்கம்மா இந்த வூட்ல சம்பளமே வாங்காம பாத்துகினு இருக்கா. பர்மனென்டா?"

"மொத ஆறு மாசம் பாப்பாங்க. அப்புறம்..."

"கான்ட்ராக்ட்னு சொல்லு" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அந்த வாரமே ரிக்ரியேஷன் கிளப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. வருஷா வருஷம் ப்ளாக்குகளுக்கு இடையே கேரம், ஷட்டில், கோலம் என்று போட்டி வைப்பார்கள். இளைஞர்கள் யாரும் கிளப் பக்கமே வருவதில்லை என்பதால் இந்த முறை ஆன்லைன் கேமும் உண்டாம். ஒருவருக்கு ஒருவர் நேரடிச் சண்டை, ஹாலில் பெரிய திரையில். நான் விளையாடும் அதே கேம். அப்பாவிடம் குதித்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"அவ்ளோ பெரிய ஆளுன்னா இதுல ஜெயிச்சிக் காட்டு. ஜெயிச்சா மெட்ராசுக்குப் போ, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். தோத்தா கோச்சிங் கிளாஸ் போயி எக்ஸாம் எழுதணும். அப்புறம் வாயத் தொறக்கக் கூடாது."

"சத்தியமா?"

"உங்கம்மா மேல சத்தியம்."

(அம்மா அடுப்படியிலிருந்து, "ஏன், உங்க மேல பண்ணிக்கறதுதான?" என்றாள்.)

சத்தியம் செய்த பிறகுதான் அப்பாவுக்கு ஒரு சேதி தெரிந்தது. பக்கத்து ப்ளாக்கிலிருந்து விளையாடப் போவது சதீஷ். சதீஷ், கோவிந்தராஜ் மாமாவின் பையன். கோவிந்தராஜ் மாமாவும் அப்பாவும் ஒரே பிரிவு, ஒரே ஷிப்ட், போவது ஒரே பஸ். எத்தனையோ வருஷமாக கிளப் கேரம் போட்டியில் அப்பாவை ஜெயிப்பதும், அடுத்த வருஷப் போட்டிவரை அதை பஸ்ஸில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு வருவதும் கோவிந்தராஜ் மாமாதான். இப்போது அப்பா நிலைமையை யோசித்துப் பாருங்கள். நான் தோற்றால் மகள் வீட்டோடு இருப்பாள். ஆனால் கோவிந்தராஜ் மகனிடம் தோற்றால் பஸ்ஸில் ஏற முடியாது. மனுஷன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த பிரச்சினை, நான் எந்த கிளாஸில் இறங்குவது என்பது. கிளாஸ் என்றால் அந்த விளையாட்டில் நம் ஆள் என்ன தொழில் செய்வான் என்பது. வாள்வீரன் உண்டு, வில்லாளி உண்டு. அசாசின் என்று ஒருவன் உண்டு, கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து வந்து குத்திவிட்டு ஓடுவான். ஹீலர் என்று ஒருத்தி உண்டு, அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்ப்பவள். இரண்டு வருஷமாக நான் ஹீலர்தான். கூட்டமாகச் சண்டை போடும்போது ஹீலர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆனால் தனிச் சண்டைக்கு ஹீலரைக் கூட்டிக்கொண்டு போவது, கபடிக்கு நர்ஸை இறக்குகிற மாதிரி. சதீஷ் வாட்ஸப் குரூப்பிலேயே கேட்டுவிட்டான்: "என்ன மலர், சண்டைக்கு வர்றியா, இல்ல எனக்குக் கட்டுப் போட வர்றியா?"

அவ்வளவுதான், அசாசின் என்று முடிவு செய்துவிட்டேன். அதற்கு முக்கியமான காரணம் அசாசின் போட்டிருந்த கறுப்பு உடை. (அதே நிறத்தில் எனக்கும் ஒரு குர்தா வாங்கினேன் என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.) இரண்டு நாள் பயிற்சி எடுத்தேன். வாள்வீரன் என்னைக் கொன்றான், வில்லாளி கொன்றான். அந்த விளையாட்டில் ஓரமாக மேய்ந்துகொண்டிருக்கும் ஒரு கோழி இருக்கிறது, அழகுக்காக வைத்தது. அதைத் தெரியாமல் மிதித்தேன், அதுவும் என்னைக் கொன்றது. ஆனாலும் என் நம்பிக்கை குறையவில்லை.

பெயர் கொடுக்கக் கிளம்பிய அப்பா, "எந்த கிளாசு?" என்று கேட்டார். எல்லாவற்றையும் விளக்கினேன்.

"டாக்டரு ஒண்ணு இருக்குதா அதுல?" என்று அம்மா ஆர்வமாக உள்ளே வந்தாள். "நெசத்துலதான் ஆவல, இதுலயாவது ஆவேண்டி."

"அதெல்லாம் வேணாம்மா. அசாசின்தான்."

அப்பா ஏதோ என்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் இருப்பது போலத் தாடையைத் தடவினார். "இதுல லேசுல சாவாதது எது?"

"ஹீலர்தான்பா. அடிக்க அடிக்கத் தன்னையே சரிபண்ணிக்கும். ஆனா அதால யாரையும் பெருசா அடிக்க முடியாது."

"அடிக்கறது கெடக்கட்டும். எவன அசைக்கவே முடியலியோ அவன்தான் பர்மனென்ட்" என்று சொல்லிவிட்டுப் போனவர், கிளப்பில் என்னை ஹீலர் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

சொன்ன கிளாஸை மாற்றக்கூடாது என்பது விதி. போட்டியை நடத்திய கிளப் செயலாளர் அதுவரை பளுதூக்கும் போட்டிகளை நடத்தியவர். "எடைப் பிரிவ கடைசி நேரத்துல மாத்த முடியுமாம்மா? அது மாதிரிதான்" என்று முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து கத்தினேன், அழுதேன். என்னைத் தோற்கடிக்க அப்பா செய்த சதி அது என்று அம்மா இன்றுவரை நம்புகிறாள். இல்லவே இல்லை என்று அப்பா இன்றுவரை சாதிக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹால் பாதி நிறைந்திருந்தது. திரையில் என் ஹீலர் வெள்ளை அங்கியும் நுனியில் மணி கட்டிய ஒரு கோலுமாக நின்றாள். கீழே நான் கறுப்பு குர்தாவில், துக்கம் விசாரிக்க வந்தவள் போல உட்கார்ந்திருந்தேன். என் முதல் எதிரி அனல்மின் நிலையத்தில் அப்ரென்டிஸாக இருந்த ஒரு வாள்வீரன். அவன் வெட்டினான். என் தலைக்கு மேல் இருந்த பச்சைக் கோடு குறைந்தது. அதுதான் உயிர். நான் வைத்தியம் பார்த்துக்கொண்டேன், கோடு நிறைந்தது. அவன் வெட்டினான், நான் வைத்தியம் பார்த்தேன். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. பின்னால் யாரோ, "டோக்கன் வாங்கிட்டு வாய்யா, டாக்டர் பிஸியா இருக்காங்க" என்றார்கள். எனக்குக் காது மடல் வரை சுட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்று கூட நினைத்தேன், ஆனால் ஓடினால் நேரே கோச்சிங் கிளாஸ்தான்.

இந்த இடத்தில்தான் செயலாளர் எனக்குத் தெய்வமானார். கேமில் சண்டைக்கு நேரம் நிர்ணயிக்கும் வசதி உண்டு. "கேரமுக்கு நேரமா வைக்கறோம்? விளையாடற வரைக்கும் விளையாடட்டும்" என்று அவர் அதை எடுத்துவிட்டிருந்தார். ஜனங்கள் டீ குடித்துவிட்டு வந்தார்கள். அவன் வெட்டிக்கொண்டே இருந்தான். நான் வைத்தியம் பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"சார், எனக்கு செகண்ட் ஷிப்ட். பஸ் வந்துடும்."

"போறதுன்னா தோத்ததா அர்த்தம் தம்பி" என்றார் செயலாளர்.

நெய்வேலியில் எதை வேண்டுமானாலும் விடலாம், ஷிப்ட் பஸ்ஸை விட முடியாது. பையன் மவுஸை வைத்துவிட்டு ஓடினான். அடுத்து வந்த வில்லாளியும் அதே கதைதான், அவனுக்கு அடுத்த பஸ். அன்றைக்கு அந்த ஹாலில் வேலைவெட்டி இல்லாதவள் நான் ஒருத்தி மட்டும்தான். என்னை எங்கேயும் ஏற்றிக்கொண்டு போக ஒரு பஸ்ஸும் வராது. ஒரு வருஷமாக ஊரே எனக்குச் சுட்டிக்காட்டிய அந்தக் குறை என்னை இறுதிப் போட்டிக்குக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது.

இறுதிப் போட்டியில் சதீஷ். அவனும் சுரங்கத்தில் அப்ரென்டிஸ்தான், ஆனால் விவரமானவன், முன்கூட்டியே லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். கிளாஸ் அசாசின். நான் ஆசைப்பட்ட அதே கறுப்பு உடை! மறைந்தான், குத்தினான், மறைந்தான். வலிக்காத சண்டைதான், ஆனாலும் எனக்கு வலித்தது. கைவிரல்கள் மரத்துப்போயின. அப்போதுதான் அப்பா முதல் ஷிப்ட் முடித்து, பூட்ஸ்கூடக் கழற்றாமல் நேரே ஹாலுக்கு வந்தார். வந்து கடைசி வரிசையில், யார் கட்சி என்று தெரியாத முகத்தோடு உட்கார்ந்தார். மகன் ஜெயிப்பதைப் பார்க்க ஷிப்டுக்கு லீவு போட்டிருந்த கோவிந்தராஜ் மாமா முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

சாகாமல் இருந்துகொண்டே சதீஷைக் கவனித்தேன். குத்திவிட்டு மறைவதற்கு முன் அவன் கண்சிமிட்டும் நேரம் அசையாமல் நிற்கிறான். ஹீலருக்கு ஒரே ஓர் அடி உண்டு, அந்த மணிக்கோலால் தட்டுவது. அதில் எதிரிக்கு முடி அளவுதான் உயிர் குறையும் என்பதால் யாரும் பயன்படுத்துவதில்லை. அடுத்த முறை அவன் நின்றபோது தட்டினேன். ஹால் ஸ்பீக்கரில் 'டிங்' என்று கேட்டது. அவன் பச்சைக் கோட்டில் ஒரு முடி குறைந்தது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவன் மறுபடி குத்தினான், நான் மறுபடி தட்டினேன். டிங்.

அடுத்து ஹாலில் பெண்களுக்கு, நம்பர் கூப்பிட்டு விளையாடும் தம்போலா நடக்க வேண்டும். அதற்கு வந்த பெண்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு உட்கார்ந்தார்கள், பிறகு என்னோடு சேர்ந்து 'டிங்' சொல்ல ஆரம்பித்தார்கள். சாயங்காலம் அதே ஹாலில் ஒருவருக்குப் பணி ஓய்வுப் பாராட்டு விழா. அவர் மாலையும் கழுத்துமாகக் குடும்பத்தோடு வந்து நின்றார். செயலாளர் பதறிப்போய் எங்களை நிறுத்தப் பார்த்தார். "இருக்கட்டும் சார், நாளையிலேருந்து எனக்கு என்ன அவசரம்?" என்று அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சதீஷின் கோடு பாதியானது. கோவிந்தராஜ் மாமா காலைக் கீழே இறக்கினார். திரும்பிப் பார்த்து அப்பாவிடம், "ஏம்பா, உம்பொண்ணு சண்ட போட வந்துச்சா, பூச பண்ண வந்துச்சா?" என்று உரக்கக் கேட்டார்.

அப்பா எழுந்தார். பூட்ஸ் சத்தம் கேட்க நேரே மேடை ஓரத்துக்கு வந்தார். "அடி மலரு! மணிய நிறுத்தாத! வுடாத அவன!" என்று ஹாலே அதிரக் கத்தினார்.

தம்போலாவுக்கு வந்திருந்த அம்மா ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாங்க நீங்க, அவ ஜெயிச்சா மெட்ராசுக்குப் போயிடுவா. மறந்துட்டு ஆடிகினு இருக்கீங்க!"

"போவட்டும்டி! மொதல்ல இவன அடிச்சிட்டுப் போவட்டும்!"

அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கி, திரையே சரியாகத் தெரியவில்லை. நல்லவேளை, சதீஷுக்கும் பொறுமை போய்விட்டது. மறைவதையே விட்டுவிட்டு எதிரில் நின்று கண்டபடி குத்த ஆரம்பித்தான். எனக்கு வேண்டியதும் அதுதான். டிங், டிங், டிங் என்று ஹால் முழுக்கச் சொன்னது. கடைசி டிங்கில் கறுப்பு உடை அசாசின் மல்லாந்து விழுந்தான். தம்போலாப் பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஓய்வு பெற வந்தவர் தன் கழுத்து மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டார். சதீஷ் வந்து கை கொடுத்து, "சத்தியமா சொல்றேன், இனிமே மணிச் சத்தம் கேட்டாலே கோயில விட்டு ஓடிடுவேன்" என்றான். நான் அந்த மாலையோடு, ராணி மாதிரி, எங்கள் ப்ளாக் வரை நடந்தே வந்தேன்.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போதுதான் அப்பாவுக்கு முழு விஷயமும் உறைத்தது. ஒரு பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். ஆனால் சொன்ன வாக்கை மாற்றவில்லை. அடுத்த மாதம் அவரே டவுன்ஷிப் முகப்பில் இருக்கும் ஆர்ச் கேட்டில் என்னை பஸ் ஏற்றிவிட்டார். கோவிந்தராஜ் மாமா அந்த வருஷம் முழுக்க பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாராம். அதை அப்பா போன் போடும்போதெல்லாம் சொல்வார்.

இன்றைக்கும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். அப்பா ஓய்வு பெற்று முத்தாண்டிக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். போன வருஷம் எங்கள் கம்பெனி கொண்டுவந்த புது கேமை, மகள் கம்பெனியாச்சே என்று போனில் இறக்கிக்கொண்டார். கிளாஸ் என்னவென்று நான் சொல்லவே வேண்டாம். யார் அடித்தாலும் சாவதில்லை, யாரையும் சாகடிப்பதும் இல்லை. காலையில் காபி குடித்துவிட்டுக் குந்தினால் மதியச் சாப்பாடு வரை ஒரே சண்டை. ஞாயிற்றுக்கிழமை போனில், "இன்னிக்கி ஒருத்தன் என்னான்னமோ எழுதிட்டு ஓடிட்டான்டி, அதுக்கு என்னா அர்த்தம்?" என்று கேட்பார். அர்த்தம் சொல்லும்படி இருக்காது.

இரண்டு மாதம் முன்பு ஆபீஸ் கூட்டத்தில் புகார்களை எடுத்தார்கள். ஹீலரைக் கொல்லவே முடியவில்லை, ஒரே ஆள் நாள் முழுக்க எங்களைக் கட்டிப்போட்டு வைக்கிறான் என்று ஏகப்பட்ட பேர் அழுதிருந்தார்கள். யார் அந்த ஆள் என்று பார்த்தால் எங்கப்பா. ஹீலரின் வைத்தியத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டுமா என்று பரிசோதித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு என்னுடையது. சம்பளம் வாங்குகிறேன், பொய் சொல்ல முடியாது. சொன்னேன், குறைத்தார்கள்.

அப்பா முதல் நாளே அசாசின் ஒருவனிடம் செத்துப்போனார். ஒரு வாரம் என் போனை எடுக்கவில்லை. அம்மாதான் எடுத்துச் சொன்னாள்.

"இத்தினி வருசத்துல ஒரு நாளு சொன்னதில்லடி. இப்பதான் சொல்றாரு, உன்ன மெட்ராசுக்கு அனுப்பனது தப்பாப் பூட்சாம்."