மண்புழுவைப் பற்றிய ரகசியக் கடிதம்

உலகத்தில் நேர்மைக்கென்று மிச்சமிருக்கும் ஒரே புகலிடம் எங்கள் பல்கலைக்கழகத்தின் பதவி உயர்வுக் குழுதான். தன்னை மதிப்பிடுகிறவர் யார், என்ன எழுதினார் என்பது ஆசிரியருக்குக் கடைசிவரை தெரியாது. ஆகவே, மதிப்பிடுகிறவர் அஞ்சாமல் உண்மையை எழுதுவார். அந்த உண்மையை இரண்டு உறைகளுக்குள் போட்டு அரக்கு வைப்போம். உண்மைக்குக் காற்றுப் படக்கூடாது.

எங்கள் விலங்கியல் துறை உதவிப் பேராசிரியரை எல்லோரும் 'மண்புழு' என்போம். ஆராய்ச்சியும் அதைப் பற்றித்தான், சுபாவமும் ஏறக்குறைய அதுதான். பதினோரு வருடம் ஆயிற்று. இந்த முறையும் உயர்வு கிடைக்காவிட்டால் விதிப்படி வேலையே போய்விடும். அவரை மதிப்பிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. வழக்கப்படி அவரையே அறைக்கு அழைத்தேன்.

"தம்பி, எனக்கு நேரமில்ல. உங்களைப் பத்தின ரகசியக் கடிதத்தை நீங்களே அடிச்சுக் கொண்டாந்துடுங்க. கையெழுத்துப் போட்டுடறேன்."

"நானேவா சார்? என்ன எழுதறது?"

"உண்மையை எழுதுங்க. என் பேரு கெடக்கூடாது பாருங்க."

மறுநாள் மூன்று பக்கம் வந்தது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டு அரக்கு வைத்தேன்.

குழு அவரை நிராகரித்தது. காரணமாக, பெயர் வெளியிட முடியாத 'நடுநிலை நிபுணர்' ஒருவரின் வரியைக் காட்டியிருந்தார்கள்: 'இவருடைய மூன்றாவது கட்டுரையின் முடிவு தவறானது.' இப்படியொரு நேர்மையைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று குழுத் தலைவர் கண் கலங்கினாராம்.

மண்புழு மூச்சிரைக்க ஓடி வந்தார். "சார், இது நான் எழுதின வரி!"

பாய்ந்து கதவைச் சாத்தினேன். "மெதுவா! அதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியவே கூடாது."

"நான்தானே சார் எழுதினேன்?"

"நல்லதா நாலு வார்த்தை எழுதித் தொலைச்சிருக்கலாமேய்யா."

"நீங்கதானே உண்மையை எழுதச் சொன்னீங்க?"

"எல்லாருக்கும்தான் சொல்றேன். யாராவது எழுதறாங்களா?"

அது தான் எழுதிய கடிதம்தான் என்று மூன்று பக்கத்தையும் ஒப்பித்து அவர் துணைவேந்தரிடம் முறையிட்டார். பல்கலைக்கழகமே அதிர்ந்தது. அவர் வேலை போனதற்காக அல்ல, ரகசியம் கசிந்ததற்காக. கடிதத்தை அவருக்குக் காட்டிய துரோகி யார் என்று கண்டுபிடிக்க ஒருநபர் விசாரணைக் குழு அமைத்தார்கள். அப்பழுக்கற்ற நேர்மைக்காரர் தேவைப்பட்டதால் அந்த ஒரு நபர் நானானேன்.

மண்புழு தன் புழுப்பெட்டிகளைக் கட்டிக்கொண்டு அறையைக் காலி செய்த அன்று அறிக்கையைச் சமர்ப்பித்தேன். என் மீது துளிச் சந்தேகத்துக்கும் இடமில்லை என்று அதில் என் கைப்படவே எழுதியிருக்கிறேன். அது சத்தியமான வார்த்தை. அந்தக் கடிதத்தை நான் இன்றுவரை படித்ததே இல்லை.