குசினிக்குள் ஒரு முதலாளி

தன் கொம்பனி என்ன செய்கிறதென்று தெரியாத முதலாளி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். (அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று மருமகள் சொல்கிறாள்.)

மகனுக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் அரசாங்க வேலை. வேறு தொழில் செய்தால் வேலை போய்விடும். பாட்டுப் பதிகிற கொம்பனி நடத்தாவிட்டாலோ அவனுக்கு உயிர் போய்விடும். மருமகள் ரீச்சர், அவளும் அரசாங்கம். சம்பளமில்லாமல் வீட்டில் மிஞ்சியிருந்தவள், ஐந்தாம் வகுப்புப் படித்த நான்தான். கொம்பனியை என் பெயரில் பதிந்தான். வெளிச்சத்தம் வராமலிருக்க என் கல்யாண மெத்தையைப் பின்னறைச் சுவரில் அறைந்து ஸ்டூடியோ ஆக்கினான். கப்பல் ஊதினால் பாட்டை நிறுத்துவார்கள். நான் தேத்தண்ணி கொடுப்பேன். என் நிர்வாகம் அவ்வளவுதான்.

எப்படியோ மோப்பம் பிடித்து, கொழும்பிலிருந்து ஒரு வானொலிப் பிள்ளை வந்து இறங்கினாள். பாட்டுத் தொழிலின் முன்னோடிப் பெண்ணைப் பேட்டி காண வேண்டுமாம். நானோ புது ஆளைக் கண்டாலே கதவுக்குப் பின்னால் போகிறவள். மகன், காய்ச்சல் வருத்தமென்று லீவு போட்டுவிட்டுக் குசினிக்குள் ஒளிந்தான்.

“கேள்வி விளங்காட்டி, தேத்தண்ணி பாக்கிற மாதிரி இங்கால வாங்கோ அம்மா. நான் சொல்லித் தாறன்.”

அந்தப் பிள்ளை என் சேலை மடிப்பில் பொத்தான் போல ஒரு கறுப்புச் சாமானைக் குத்திவிட்டு, தன் காதில் ஹெட்போனை மாட்டினாள். வயர் இல்லாததால் நான் அந்தப் பொத்தானை ஏதோ அலங்காரம் என்று நினைத்தேன். (பாட்டுக் கொம்பனி முதலாளி!)

“இந்தத் துறைக்கு எப்பிடி வந்தனீங்கள் அம்மா?”

“கொஞ்சம் பொறுங்கோ பிள்ளை, தேத்தண்ணி கொதிக்குது.”

குசினிக்குப் போய்க் கேட்டு வந்து, சின்ன வயதிலிருந்தே இசையில் ஆர்வம் என்று ஒப்பித்தேன்.

“பெண்களுக்கு என்ன சொல்ல விரும்புறீங்கள்?”

மறுபடியும் தேத்தண்ணி கொதித்தது.

“பெண்கள் ஆம்பிளையளை நம்பியிருக்கக் கூடாது, சொந்தமா யோசிக்கோணும் எண்டு சொல்லுங்கோ,” என்றான் மகன். “நான் சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ. நீங்களா ஒண்டும் யோசிச்சுக் கதைச்சுப் போடாதைங்கோ!”

அப்படியே சொன்னேன். பிள்ளை ஹெட்போனைப் பிடித்தபடி குனிந்து குலுங்கினாள். என் பேச்சைக் கேட்டு அழுகிறாள் என்று எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அவள் எழும்பி நேரே குசினிக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

“அண்ணை, மைக் அம்மாவின்ர சேலையில இருக்கு. நீங்கள் கதைச்சதெல்லாம் வடிவாக் கேட்டது.”

மகனின் கையிலிருந்த கோப்பை விழுந்தது. “ஐயோ தங்கச்சி, இது ரேடியோவில போனா என்ர வேலை போயிடும்!”

அவள் என் பக்கம் திரும்பினாள். “முதலாளி நீங்கள்தானே அம்மா. என்ன செய்வம்?”

மகன் என் வாயையே பார்த்தான். போய்க் கேட்டு வர வேறு இடமுமில்லை. நான் நின்றதே குசினி.

“குசினியை வெட்டுங்கோ பிள்ளை,” என்றேன்.

கொம்பனியில் நான் சொந்தமாக எடுத்த ஒரே முடிவு அது. அவள் வெட்டினாள். மகனின் வேலை தப்பியது.

இப்போதும் மகன் வீட்டில் யாருக்காவது புத்தி சொல்லத் தொடங்கினால் மருமகள் விடமாட்டாள். “மாமி, குசினியை வெட்டுங்கோ!” என்பாள். அவனும் வாயை மூடிக்கொள்வான். என்ன இருந்தாலும், பதிவில் முதலாளி நானல்லவா.