டயர் ஓரத்துக் கோடு

இனிமேல் வளைவில் வண்டியைச் சாய்ப்பதே இல்லை என்று எக்ஸ்ரேக்காரர் சபதம் செய்தார். சும்மா செய்யவில்லை, மனைவியின் தையல் மெஷின் மேல் ஓங்கி அடித்துச் செய்தார். "இன்னும் ஒரு தடவை சாய்ச்சேன்னா சாவி உன்னோடது. நான் பஸ்ஸுல போறேன், போதுமா?" அடித்த அடியில் மெஷின் மேலிருந்த கத்தரிக்கோல் அவர் கால் கட்டைவிரலில் விழுந்தது. சகுனம் அப்போதே சரியில்லை.

எல்லாம் ஒரு சட்டையால் வந்தது. அவர் மனைவி தையல்காரி. அவள் தைக்கிற அறையின் மூலையில், ஆணியில், ஒரு வெள்ளைச் சட்டை தொங்குகிறது. கல்யாணச் சட்டை. மாப்பிள்ளைப் பையன் வந்து அளவு கொடுத்தான், "அக்கா, தோள் கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும்" என்று சிரித்தான், போனான். வாங்கிக்கொள்ள வரவில்லை.

ஊர் முடிகிற இடத்தில் நெடுஞ்சாலையில் ஏறவும் இறங்கவும் ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது. கொக்கி வளைவு என்பார்கள். தொடக்கத்தில் வா வா என்று அகலமாக இருக்கும். உள்ளே போகப் போக இறுகும். பையன் வேகமாக நுழைந்தான், பாதியில் பயந்தான், சாய்ந்த வண்டியில் முன் பிரேக்கைப் பிடித்தான். அவள் அளவெடுத்த அதே தோளை அன்றைக்கு எக்ஸ்ரேக்காரர்தான் படம் எடுத்தார். மறுநாள் பையன் இல்லை.

இதற்கப்புறம் ஒரு மனுஷன் திருந்த வேண்டுமா, இல்லையா? இவர் வீட்டுக்கு வந்து பாடம் நடத்தினார்.

"அவனுக்கு வளையத் தெரியல. நுழையறதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைக்கணும். உள்ள போனப்புறம் பிரேக்கைத் தேடக் கூடாது. ஓரத்துத் தடுப்பைப் பாக்கவே கூடாது, வளைவு முடியற இடத்தைப் பாக்கணும். கண்ணு எங்க போகுதோ வண்டி அங்க போகும்."

"உங்க கண்ணு போற இடத்துக்கெல்லாம் வண்டி போச்சுன்னா நான் என்ன ஆகறது?"

"நக்கலா? இங்க பாரு. உடம்பை இப்படி உள்பக்கமா..." என்று தையல் ஸ்டூலில் உட்கார்ந்து சாய்ந்து காட்டினார். ஸ்டூல் இன்னும் நன்றாகவே சாய்ந்தது. மிச்சப் பாடத்தைத் தரையில் கிடந்தபடி நடத்தினார்.

"ஸ்டூல்லயே இந்த லட்சணம்" என்று கை கொடுத்துத் தூக்கினாள்.

"ஸ்டூலுக்கு ஏது டயர்? பந்தயம் ஓட்டறவங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? டயர் ஓரத்துல சாக்பீஸ்ல கோடு போட்டு வைப்பாங்க. வண்டி சாய்ஞ்சா ஓரம் ரோட்டுல உரசும், கோடு அழிஞ்சிடும். நேரா போனா கோடு அப்படியே இருக்கும். எவ்வளவு சாய்ச்சோம்னு டயரே சொல்லிடும்!"

"அப்படியா" என்றாள், துணியில் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டே.

பெண்டாட்டி வெறும் "அப்படியா"வோடு நிறுத்தினால் புருஷன் உஷாராக வேண்டும். இவருக்கு அந்த அறிவெல்லாம் கிடையாது. பிறகு அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஆணியைப் பார்த்தாள். "தினமும் இந்தச் சட்டையைப் பாத்துக்கிட்டே தைக்கிறேன். நீங்க கிளம்பினா, திரும்பி வர்ற சத்தம் கேக்கற வரைக்கும் ஊசி ஓட மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்குங்க." குரல் உடைந்தது. அவருக்கும் மனசு கலங்கிப் போயிற்று. சபதம் அப்போது வந்ததுதான்.

சபதம் கொஞ்ச நாள் நின்றது. நாய் வாலும் கையால் பிடித்திருக்கிற வரை நேராகத்தானே நிற்கும்? ஒரு காலை வேலைக்குப் போகிற வழியில் கொக்கி வளைவு காலியாகக் கிடந்தது. வெயில் இதமாக இருந்தது. "இன்னிக்கு ஒரே ஒரு தடவை" என்று தனக்குத்தானே அனுமதி கொடுத்து, வண்டியில் கால் வைக்கிற கம்பி தரையில் உரசித் தீப்பொறி பறக்கச் சாய்த்தார். பாட்டுப் பாடிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்.

மத்தியானம் போன் வந்தது.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா."

"நல்லது. காலையில நீங்க குளிக்கும்போது வண்டி டயர்ல ரெண்டு ஓரமும் சாக்பீஸ்ல கோடு போட்டு வச்சேன். சாயங்காலம் வந்ததும் பாக்கறேன். வச்சிடட்டுமா?"

அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

படம் எடுக்கப் படுத்திருந்தவரை "மூச்சு விடாதீங்க" என்று சொல்லிவிட்டு எக்ஸ்ரேக்காரர் வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினார். குனிந்து பார்த்தார். ஒரு ஓரத்திலும் கோடு இல்லை. இருக்குமா பின்னே? அந்தச் சாய்ப்பு என்ன சாமானியச் சாய்ப்பா! திரும்பி ஓடிவந்து, நீலம் பாரித்துக்கொண்டிருந்தவரை மூச்சு விடச் சொன்னார்.

சாக்பீஸுக்கு ஆஸ்பத்திரியில் எங்கே போவது? மாவுக்கட்டு அறைக்குப் போனார். யார் காலிலிருந்தோ வெட்டி எடுத்த பழைய கட்டு ஒன்று வாளியில் கிடந்தது.

"இதுல ஒரு துண்டு வேணும்."

கட்டுப் போடுகிறவர் நிமிர்ந்தார். "யாருக்கு என்ன உடைஞ்சுது?"

"இன்னும் உடையல. சாயங்காலம் உடையும்."

வாங்கிக்கொண்டு போய், உட்கார்ந்து, டயரின் இரண்டு ஓரத்திலும் அழகாகக் கோடு இழுத்தார். பெண்டாட்டி கையெழுத்து போலவே இருந்தது. தன்னையே மெச்சிக்கொண்டார்.

இனி கோடு அழியாமல் வீடு சேர வேண்டும். கொக்கி வளைவுக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தார். முட்டை மூட்டை ஏற்றியவர் மாதிரி, நிமிர்ந்து, உருட்டிக்கொண்டு இறங்கினார். பின்னால் லாரிக்காரன் ஹாரனிலேயே திட்டினான். சைக்கிளில் வந்த பெரியவர்கூடத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மானம் போயிற்று. போகட்டும், சாவி இருக்கிறதே!

வளைவு இறுகுகிற இடத்தில் ரோடு முழுக்க ஜல்லி சிதறிக் கிடந்தது. ஏதோ லாரி கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. தடுப்போரம் ஒரு வண்டி மல்லாந்து கிடந்தது. அதன் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒற்றைச் செருப்பு தனியாகக் கிடந்தது. நாலு பேர் யாரையோ தூக்கிக்கொண்டிருந்தார்கள். தூக்கும்போது கை தொங்கிய விதத்திலேயே எக்ஸ்ரேக்காரருக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஆளுக்குப் படம் எடுக்க வேண்டியிருக்காது.

ஜல்லியில் இவர் வண்டியும் நறநறவென்று நழுவப் பார்த்தது. நிமிர்ந்து மெதுவாக வந்ததால் நின்றது. காலையில் சாய்த்த மாதிரி இப்போது சாய்த்திருந்தால்? ஓரமாக நிறுத்தினார். ஆணியில் தொங்குகிற அந்தச் சட்டை ஞாபகத்துக்கு வந்தது. மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் வீடு வந்து சேர்ந்தார்.

அவள் வாசலில் நின்றாள். முகம் வெளிறியிருந்தது. "வளைவுல யாரோ விழுந்துட்டாங்கன்னு சொன்னாங்க..." என்றாள். அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்து முடித்த பிறகுதான் மூச்சு விட்டாள். பிறகு டயர் பக்கம் திரும்பினாள்.

சொல்ல வந்ததெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று. ஆண்பிள்ளை கெத்து முந்திக்கொண்டது.

"நல்லா பாரு! ரெண்டு ஓரமும் பாரு! கோடு ஒரு பொட்டு அழிஞ்சிருக்கா? கட்டின புருஷனை நம்பணும்மா, நம்பணும்!"

அவள் குந்தி உட்கார்ந்தாள். கோட்டை நகத்தால் சுரண்டினாள். மாவு உதிர்ந்தது. விரலை முகர்ந்து பார்த்தாள். எழுந்தபோது கண் நிறைந்திருந்தது, கை மட்டும் நேராக அவர் முன்னால் நீண்டது.

"சாவியைக் குடுங்க. நான் கோடே போடலை."