குக்கரில் வெந்த மண்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, அத்தான் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் பாதி பொய் என்பதால் இரண்டாம் பாதியை மட்டும் வைத்துக்கொள்.

உன் அக்கா கண்மூடுவதற்கு முன் தன் அபூர்வக் கள்ளியை நீ வேலை பார்க்கும் தாவரவியல் பூங்காவுக்குக் கொடுத்துவிட்டு, அதன் விதைகளை மட்டும் எனக்கு விட்டுப்போனாள் அல்லவா, கண்ணாடி போட்டாலும் தெரியாத அந்தத் தூசியை ஒருவழியாக விதைத்தேன். மண்ணைச் சூடாக்கினால்தான் பூஞ்சை சாகும் என்று நீ சொன்னதால் அவளுடைய குக்கரிலேயே வேகவைத்தேன். மாடி வீட்டம்மா வாசனை பிடித்து இறங்கி வந்து, "என்ன சார் சமையல்?" என்றார். "மண்ணும்மா" என்றேன். குக்கரை எட்டிப் பார்த்தார். "நாளையிலேர்ந்து சாப்பாடு நான் குடுத்தனுப்புறேன் சார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். சாப்பாடு தவறாமல் வருகிறது, உப்புதான் வருவதில்லை.

பாதி விதையை ஆழமாகப் புதைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தேன். "ஐயோ அத்தான், அதுக்கு வெளிச்சம் வேணும், மேலாகத் தூவணும்!" என்று நீ போனில் அலறினாய். மீதியைத் தூவிப் பிளாஸ்டிக் தாளால் மூடினேன். குண்டூசித் தலை போலப் பச்சையாக முளைத்தன. வேர்த்துக் கொட்டுகிறதே, பாவம் என்று தாளைத் திறந்தேன்; ஜன்னலோரம் இருந்தவை சிவந்து காய்ந்தன. மறுபடி இறுக்கி மூடினேன். நடுவில் இருந்தவை பூஞ்சை பிடித்துச் சரிந்தன. தண்ணீர் விட்டால் அழுகுகிறது, விடாவிட்டால் சுருங்குகிறது. உன் அக்காவோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் இதே கதைதான், மாப்பிள்ளை. தண்ணி குடுக்காதீங்க என்பார் ஒரு டாக்டர், ஏன் குடுக்கலை என்பார் இன்னொருவர். நான் டம்ளரோடு நடுவில் நிற்பேன்.

இப்போது ஒன்றே ஒன்று மிச்சம். இரண்டு முள் விட்டிருக்கிறது. முள் என்று சொன்னால் அதற்கே சிரிப்பு வரும். காலையில் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் பயமாக இருக்கிறது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை வந்து பூங்காவுக்கு எடுத்துப்போய்விடு. கூடையில் பஞ்சு வைத்துத் தயாராக இருக்கிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் அளவான வெயிலும் அளவான தண்ணீருமாக வளரட்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மாடி வீட்டம்மா வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "அதையும் அனுப்பிட்டா காலையில எதுக்கு சார் எழுந்திருப்பீங்க?" என்றார். கூடையிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டேன். செடி இங்கேயே இருக்கட்டும். நீ மட்டும் வா.