டெரிவேஷன் கேட்ட எதிர்க்கேள்வி

எங்கள் மாவட்டத்தில் தேர்தல் கட்சிகளுக்கு அடுத்தபடியாகச் சுவர்களை அதிகம் நாசம் செய்தவள் டெரிவேஷன்தான். கடியப்பட்டணத்து மீனவர் வீட்டுப் பெண். நாகர்கோவில் பெண்கள் விடுதியில் என் அறைத்தோழி. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, கோட்பாட்டு இயற்பியலில் ஆராய்ச்சிக்குச் சேரத் தயாராகிக்கொண்டிருந்தாள். எந்தச் சூத்திரத்தையும் அடியிலிருந்து தானே வருவித்துப் பார்க்காமல் தொடமாட்டாள். அதனால்தான் அந்தப் பெயர். வீட்டில் வைத்த பெயர் வார்டனுக்கே மறந்துவிட்டது.

காகிதம் அவளுக்குப் போதாது. குளியலறைச் சுவர், பீரோ கதவு, என் தலையணை உறை வரைக்கும் கணக்கு. பொறுக்கமாட்டாத வார்டன் மொட்டைமாடிச் சுவருக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். துணிக்கொடி அந்தச் சுவரை ஒட்டித்தான் ஓடியது. பி.எட். படித்த ஒருத்தி, முதுகில் சாக்பீஸ் சமன்பாட்டோடு ஒரு வகுப்பே எடுத்துவிட்டு வந்தாள். திட்ட வந்தவளைத் திருப்பி நிறுத்தி டெரிவேஷன் அவள் முதுகைப் படித்தாள். “ஒரு மைனஸ் விட்டுப்போச்சு மக்கா” என்று மாடிக்கு ஓடினாள்.

முதல் வருடம் எழுத்துத் தேர்வில் தேறி, நேர்காணலில் தோற்றாள். கேட்ட கேள்விக்கு அடிப்படை விதியிலிருந்து கிளம்பியவளுக்குப் பாதி வழியிலேயே நேரம் முடிந்துவிட்டது. மறுபடியும் தோற்றால் பி.எட்.தான் என்று அவள் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். நாங்கள் கண்ணாடி மாட்டிப் பேராசிரியர்களாக முறைத்து, சுருக்கமாகப் பதில் சொல்லப் பழக்கினோம். பெயரைக் கேட்டால்கூட யோசித்தாள்.

இரண்டாவது நேர்காணல் சென்னையில். பலகையில் கணக்கு ஒன்றைப் போட்டு விடை கேட்டிருக்கிறார்கள். இவள் சாக்பீஸை எடுத்து, எழுதாமலே அவர்கள் பக்கம் திரும்பியிருக்கிறாள். பிறகு சொன்னாளாம்:

“ஓரத்துல என்ன நடக்குன்னு நீங்க சொல்லல சார். அத மாத்துனா விடையும் மாறும்.”

அந்த எல்லை நிபந்தனை சொல்லாமலே தெரிவதுதான் என்றார் ஒரு பேராசிரியர். எப்படித் தெரியும் என்றார் இன்னொருவர். இருவரும் எழுந்து பலகைக்கே வந்து வாதாடினார்கள். இவள் நடுவில் புகுந்து இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினாள். நேரம் முடிந்ததை அன்றைக்கு மறந்தது அவர்கள்தான்.

இடம் கிடைத்த செய்தி வந்த மதியம் விடுதியே மாடியில் ஏறிக் கூவியது. கறாரான அம்மா, நெய்மீன் குழம்பை வாளியில் கொடுத்தனுப்பினார்.

வழியனுப்ப ரயில் நிலையத்துக்கு எல்லோரும் போனோம். அங்கே போய் என்னதான் கண்டுபிடிக்கப் போகிறாள் என்று வார்டன் அவள் அப்பாவிடம் கேட்டார். பெட்டியைத் தலையில் வைத்தபடியே அவர் சொன்னார்:

“எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தெரிஞ்சா எதுக்கு அங்க போவணும்?”

தெரியவில்லையே என்ற வருத்தம் அவருக்குக் கொஞ்சமும் இல்லை. நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

ரயில் கிளம்பும்போது நாங்கள் யாரும் அழவில்லை. மறுநாள் காலை, இட்லியிலிருந்து ஆவி ஏன் அப்படி வளைந்து போகிறது என்று கேட்க மேசையில் ஆளில்லை. இட்லி ஆறும்வரை அந்த ஆவியை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.