பாரபென் இல்லாத மச்சான்

புட்டிதிருப்பி என்று ஓர் இனம் இருக்கிறது. ஏதோ பறவை என்று நினைத்துவிடாதீர்கள். மனித இனம்தான், ஓட்டுரிமைகூட உண்டு. கடையில் ஒரு ஷாம்பு புட்டியைக் கையில் எடுத்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? விலையைப் பார்ப்போம், கடைக்காரர் அசந்த நேரத்தில் மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்ப்போம், கூடையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவோம். இந்த இனம் அப்படி இல்லை. புட்டியை முதலில் திருப்பும், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றும், கண்ணைச் சுருக்கும், பொடிப்பொடியாக அச்சடித்திருக்கும் பின்பக்க எழுத்துகளை மூக்கால் தொட்டுவிடுகிற தூரத்தில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழ்வரை மேயும், போகிற வழியில் தான் தேடிய அந்த ஒரு சொல் அகப்பட்டதும் "ம்ஹூம்" என்று பெருமூச்சு விடும், பிறகு பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத பெண்மணியின் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "இதையா எடுத்திருக்கீங்க? சரி, உங்க இஷ்டம். சொல்ல வேண்டியது என் கடமை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். என்ன சொன்னார், எதற்குச் சொன்னார் என்று தெரியாமல் அந்தப் பெண்மணி அங்கேயே நிற்பார்.

அந்த ஒரு சொல் பாரபென்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பாரபென் என்பது ஒரு ஆள் இல்லை, ஒரு குடும்பம். கிரீம், லோஷன், ஷாம்பு என்று தண்ணீர் கலந்து செய்கிற சாமான்களில் பூசணம் பிடிக்காமலும் கிருமி குடியேறாமலும் இருக்க, துளித்துளியாகச் சேர்க்கிற பொருள்கள். பல காலமாகச் சேர்க்கிறார்கள். இவை உடம்புக்குள் போய் ஹார்மோன் மாதிரி லேசாக வேஷம் போடக்கூடுமோ என்று ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் வந்தது. ஆராய்ந்தார்கள், இன்னும் ஆராய்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் சிலரைச் சில நாடுகள் வாசலிலேயே நிறுத்திவிட்டன. மற்றவர்களை, இவ்வளவுக்கு மேல் கூடாது என்று அளவு போட்டு உள்ளே விட்டிருக்கின்றன. விஷயம் இவ்வளவுதான். ஆனால் 'கூடுமோ', 'சில', 'அளவு' என்கிற சொற்களெல்லாம் புட்டிதிருப்பியின் காதில் ஏறாது. அவருக்குக் கேட்டதெல்லாம் 'பாரபென்', 'ஐயோ' இரண்டும்தான். இதில் இரண்டாவதை அவரே சேர்த்துக்கொண்டார்.

இந்த இனத்தை நான் தூரத்திலிருந்து பார்த்து எழுதுவதாக நினைக்காதீர்கள். என் மனைவியின் அண்ணனே ஒரு புட்டிதிருப்பி. சொந்தமாக அச்சகம் வைத்திருக்கிறார். நாள் முழுக்க மையில் புரண்ட கையை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டு, அதே கையால் பிஸ்கட்டை எடுத்து டீயில் தோய்த்துத் தின்பார். அதற்கு மேல் ஒரு சிகரெட். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"மச்சான், ஷாம்புக்கு இவ்வளவு பயப்படுறீங்க. இந்தச் சிகரெட்டு?"

அவர் பெட்டியை என்னிடம் நீட்டினார். "நல்லாப் பாருங்க மாப்ளே. எங்கயாச்சும் பாரபென்னு போட்டிருக்கா? நான் பாத்துட்டுத்தான் வாங்குறேன்."

நான் டீயைக் குடித்தேன்.

விருந்தாளியாக வருகிற புட்டிதிருப்பியை அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு. வந்ததும் "பாத்ரூம் எங்க?" என்பார். போவார். கதவு சாத்திக்கொள்ளும். அதன்பிறகு தண்ணீர் விழுகிற சத்தமே கேட்காது. டக் என்று ஒரு சத்தம், சற்று நேரம் கழித்து மறுபடி டக். புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப வைக்கிற சத்தம். வெளியே வீட்டுக்காரர்கள் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். என் மச்சான் வெளியே வந்து துண்டால் உலர்ந்த கையைத் துடைத்துக்கொண்டே, "எப்படித்தான் இந்த வீட்ல உயிரோட இருக்கீங்களோ" என்பார். அதுதான் அவர் எங்களுக்கு நலம் விசாரிக்கிற முறை.

சிரித்துக்கொண்டே போயிருப்பேன். என் மனைவியின் வெள்ளை டப்பாவில் அவர் கை வைக்காமல் இருந்திருந்தால்.

அவள் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். அந்த வேலையில் கையைக் கழுவிக் கழுவியே தோல் காகிதமாகிவிடும். முழங்கைவரை தேய்த்துக் கழுவு, கையுறை போடு, கழற்று, மறுபடி கழுவு. தோல் வெடித்துப் புண்ணானால் உள்ளே விடமாட்டார்கள். மேசையில் படுத்திருப்பவருக்கும் ஆபத்து, அவளுக்கும் ஆபத்து. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் டாக்டர் எழுதிக் கொடுத்த வெள்ளை கிரீமைத் தடவிக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி தூக்கத்தில் நடப்பவள் மாதிரி வீட்டைச் சுற்றி வருவாள். டப்பா மூடியை நான்தான் மூடுவேன். அந்தச் சமயத்தில் அவளைத் தற்காலிகமாகத்தான் தியேட்டருக்கு எடுத்திருந்தார்கள். நிரந்தரமாக்குவதா, வார்டுக்கே திருப்பி அனுப்புவதா என்று மாதக் கடைசியில் ஹெட் நர்ஸ் முடிவு செய்வதாக இருந்தது. தியேட்டர் வேலை அவள் பல வருஷமாகக் கண்ட கனவு. அந்தக் கனவு நிறைவேறுவது அவள் கைத்தோலை நம்பித்தான் இருந்தது.

மச்சான் அந்த மாதம் பார்த்துத்தான் வந்தார். வழக்கம்போல் தண்ணீர் சத்தம் கேட்கவில்லை. வழக்கம்போல் டக், டக். பிறகு கதவு திறந்தது. கையில் வெள்ளை டப்பா.

"என்னம்மா இது? மொதல்ல மெத்தில் பாரபென்னு, பின்னாடியே புரோப்பில் பாரபென்னு. குடும்பத்தோட வந்து குடியேறியிருக்காங்க!"

"அண்ணா, அது டாக்டர் குடுத்தது."

"டாக்டருக்கு மருந்து தெரியும். இதெல்லாம் தெரியுமா? அவங்களுக்குப் படிக்க நேரமேது?"

சொல்லிக்கொண்டே டப்பாவைக் குப்பைக்கூடையில் போட்டார். போட்டதோடு நிற்கவில்லை, நான் பொறுக்கிவிடுவேன் என்று தெரிந்து அதன்மேல் டீத்தூள் சக்கையையும் கொட்டினார். பிறகு பையிலிருந்து ஒரு பச்சைப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். நிற்கிற விதமே ஒரு மிடுக்கு. முன்பக்கம் ஓர் இலை, இலையின்மேல் ஒரு பனித்துளி, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'பாரபென் இல்லை'. வெள்ளை டப்பாவைப் போல மூன்று மடங்கு விலை.

இங்கேதான் இந்த இனத்தின் விசேஷத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். ஊரில் உள்ள எல்லாப் புட்டியின் பின்பக்கத்தையும் படித்தவர், இந்த ஒரு புட்டியை மட்டும் திருப்பவே இல்லை. முன்பக்கமே அவருக்குப் பிடித்த பாட்டைப் பாடும்போது பின்பக்கம் எதற்கு? பாரபென்னை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் பூசணத்தைத் தடுக்க வேறு எவனையாவது காவலுக்குப் போட்டுத்தானே ஆகவேண்டும், அவன் யார், எப்படிப்பட்டவன் என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. எனக்கும் எழவில்லை என்பது வேறு விஷயம்.

என் மனைவி மறுத்துப் பேசவில்லை. அப்பா போன பிறகு அவளை நர்ஸுக்குப் படிக்க வைத்தவர் இந்த அண்ணன்தான். அச்சகத்தில் இரவு பகல் பாராமல் கல்யாணப் பத்திரிகை அடித்து அவளுக்கு விடுதிச் சாப்பாடு போட்டவர். அவர் விஷத்தையே கொடுத்தாலும் குடிப்பாள். அவரோ விஷத்திலிருந்து காப்பாற்றுவதாக அல்லவா வந்திருக்கிறார்!

சில நாளிலேயே விரலிடுக்கில் அரிப்பு. பிறகு சிவப்பு. பிறகு பொடிப்பொடியாக நீர்க் கொப்புளம். போனில் அண்ணனிடம் சொன்னாள். பக்கத்திலிருந்த எனக்கே கேட்கிற அளவுக்கு அந்தப் பக்கம் ஒரே சந்தோஷம்.

"வருதா? வரட்டும் வரட்டும்! இத்தனை வருஷமா உள்ள போன பாரபென்னு இப்பத்தான்மா வெளிய வருது. இன்னும் கொஞ்சம் அதிகமாத் தடவு."

இந்தத் தர்க்கத்தை யாராலாவது ஜெயிக்க முடியுமா? குணமானால் பச்சைப் புட்டி வேலை செய்கிறது. புண்ணானால் ரொம்ப நன்றாக வேலை செய்கிறது. கையே கழன்று விழுந்திருந்தாலும், "பாத்தியா, அவ்வளவு நஞ்சு இருந்திருக்கு" என்றுதான் சொல்லியிருப்பார்.

அவள் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தடவினாள். மறுநாள் கழுவுமிடத்தில் ஹெட் நர்ஸ் அவள் கையைப் பார்த்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை, துணிக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார். தியேட்டரில் கத்தி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அங்கே படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். அன்று வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதாள். எரிகிற கையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை, நான்தான் துடைத்துவிட்டேன். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பச்சைப் புட்டியை மச்சானின் அச்சு இயந்திரத்துக்குள் போட்டு அரைத்திருப்பேன்.

தோல் டாக்டரிடம் போனோம். மச்சானும் கூடவே வந்தார். உண்மை வெளியே வரும்போது தான் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். டாக்டர் அம்மாள் அவள் முதுகில் சின்னச் சின்னப் பட்டையாக ஒட்டினார். ஒவ்வொரு பட்டையிலும் ஒவ்வொரு பொருள்; எது தோலுக்கு ஆகவில்லையோ அந்த இடம் சிவக்கும். இதற்கிடையில் மச்சான் மேசைமேல் இருந்த கை கழுவும் திரவத்தைத் திருப்பிப் படித்து "ம்ஹூம்" சொல்லிவிட்டார். டாக்டர் அதை மெதுவாக வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

பட்டைகளைப் பிரித்த பிறகு மறுபடி ஒரு நாள் வரச்சொல்லிப் பார்த்தார். ஓரிடம் மட்டும் தீக்குச்சி சுட்டதுபோல் சிவந்து தடித்திருந்தது. மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாரபென்னு. சொன்னேன்ல?"

"பாரபென் இங்க இருக்குங்க" என்று டாக்டர் வேறோர் இடத்தைக் காட்டினார். அங்கே தோல் தோலாகவே இருந்தது. "இவங்களுக்கு அதால ஒண்ணும் ஆகலை. செவந்திருக்கிறது, கெட்டுப்போகாம இருக்கப் போடுற வேற ஒரு பதனப்பொருள். நீங்க புதுசா தடவின புட்டியைக் குடுங்க."

வாங்கினார். திருப்பினார். அந்தப் புட்டி எங்கள் குடும்பத்தில் முதன்முறையாகத் திரும்பியது அப்போதுதான். டாக்டர் விரல் வைத்த இடத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து இழுத்தாலும் முடியாத நீளத்தில் ஒரு பெயர்; அதை அவர் வாசித்துக் காட்டினார்.

"இதோ இருக்கு. பாரபென்னுக்குப் பதிலா இதைப் போட்டிருக்காங்க. எல்லாருக்கும் ஒத்துக்காம போறதில்லை. இவங்களுக்கு ஒத்துக்கலை. பழைய கிரீமையே போடுங்க, ஆறிடும்."

மச்சான் தங்கையின் கையைப் பார்த்தார். முகம் சுருங்கிப் போயிற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். எனக்கே பாவமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு புட்டிதிருப்பி மனம் திருந்துவதை நேரில் பார்க்கப் போகிறோம் என்று நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். அவர் டாக்டர் பக்கம் குனிந்தார்.

"டாக்டரம்மா... அந்தப் பேரு என்ன சொன்னீங்க? கொஞ்சம் எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க."

பழைய கிரீம் திரும்பி வந்தது, கை ஆறியது. ஆனால் மாதக் கடைசி அதற்காகக் காத்திருக்கவில்லை. அந்த இடம் இன்னொரு பெண்ணுக்குப் போய்விட்டது. அடுத்த இடம் காலியாகும்வரை என் மனைவி வார்டில்தான் இருக்கிறாள். இதைக் கேள்விப்பட்டதும் மச்சான் வந்தார். உட்காரவில்லை, பிஸ்கட்டைத் தொடவில்லை. பழைய செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை அவள் கையில் வைத்தார். பிரித்தால் அதே வெள்ளை டப்பா.

"வாங்கும்போதே சுத்திக் குடுக்கச் சொல்லிட்டேன்மா. சத்தியமாத் திருப்பிப் பாக்கலை."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அந்த மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று எங்களுக்குத்தானே தெரியும்! அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாத்ரூம் போய்ட்டு வரேன்" என்றார். கதவு சாத்திக்கொண்டது. நாங்கள் காத்திருந்தோம். தண்ணீர் சத்தம் கேட்கவில்லை.

டக்.

அந்த இனம் அழியாது. சொல்தான் மாறும். நேற்றுவரை ஒரு பெயரைத் தேடியவர் இன்று வேறொரு பெயரைத் தேடுகிறார், நாளைக்கு இன்னொன்று கிடைக்கும், பின்பக்கத்தில்தான் பெயருக்குப் பஞ்சமே இல்லையே. நல்லவேளையாக நீங்களும் நானும் அந்த இனமில்லை. நாம் நிதானமானவர்கள். டாக்டர் சொன்ன அந்தப் புதுப் பெயரை இவ்வளவு நேரமும் நான் இங்கே எழுதவில்லை என்பதைக்கூட நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

கவனித்தீர்களா? அதற்காகத்தான் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்திருக்கிறீர்களா? எங்கே, பாத்ரூமுக்கா? போய்விட்டு வாருங்கள். நான் இங்கேயே உட்கார்ந்து தண்ணீர் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறேன்.